லேபில் இண்டஸ்ட்ரியல் பிளேஸ்மென்ட்: ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

படிப்பின் ஒரு பகுதியாக மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து, அடுத்து போகப்போகிறவர்களும் போய்ப் பாதியில் தவித்துக்கொண்டிருப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் இருந்தது மருந்து லேப் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும், ஆனால் உணவு, பெயின்ட், தண்ணீர், பெட்ரோலியம் என்று எந்த லேபுக்குப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

அக்கா, இண்டஸ்ட்ரியல் பிளேஸ்மென்ட்டும் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டும் ஒண்ணா?

இல்லை. கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்பது படிப்பு முடியும்போது வேலைக்கு ஆள் எடுப்பது. இது படிப்புக்குள்ளேயே வரும் பயிற்சிக் காலம். சில படிப்புகளில் சில வாரங்கள், சிலவற்றில் ஆறு மாதம், சிலவற்றில் ஒரு முழு ஆண்டு. கல்லூரியில் ஒரு வழிகாட்டி, கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் என இரண்டு பேர் உங்களுக்குப் பொறுப்பு. முடிவில் ரிப்போர்ட், வைவா, மதிப்பெண் எல்லாம் உண்டு.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1906-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பும் முறையைத் தொடங்கினார். வகுப்பறைக்குள் வைத்தே சொல்லிக்கொடுக்க முடியாத விஷயங்கள் ஒரு தொழிலில் நிறைய இருக்கின்றன என்பதுதான் அவர் வாதம். லேப் வேலைக்கு அது அப்படியே பொருந்தும்.

காலேஜ் லேப்லயும் டைட்ரேஷன், கம்பெனி லேப்லயும் டைட்ரேஷன். அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

டைட்ரேஷன் என்பது வலிமை தெரிந்த ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இன்னொரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கல்லூரியில் அதன் விடை முன்கூட்டியே யாருக்கோ தெரியும். நீங்கள் 9.8 மில்லி என்று எழுதினாலும் 10.2 என்று எழுதினாலும் அதற்கு மேல் எதுவும் நடக்காது. நோட்டில் கையெழுத்து வாங்கி, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கம்பெனி லேபில் விடை யாருக்கும் தெரியாது. கிடங்கில் ஒரு முழு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த மொத்தச் சரக்கு, ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு, வெளியே போகலாமா கூடாதா என்று உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கும். அந்த எண்ணை நம்பி ஒருவர் "அனுப்பு" என்று கையெழுத்துப் போடுவார், அதை நம்பி முகம் தெரியாத ஒருவர் மாத்திரையை விழுங்குவார்.

அதனால்தான் அங்கே வேதியியலைவிட அதைச் சுற்றியிருக்கும் ஒழுங்கு பெரிதாகத் தெரிகிறது. தராசு இன்று சரிபார்க்கப்பட்டதா, கரைசல் காலாவதியாகவில்லையா, எந்தக் குடுவை, எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, யார் செய்தது, யார் பார்த்தது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்தில்தான் போய் நிற்கும், அதனால் இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேர்ந்ததிலிருந்து எஸ்.ஓ.பி. மட்டும் படிக்க வைக்கிறாங்க, ஒரு பீக்கரைக்கூடத் தொட விடலை. என்னைப் பிடிக்கலையோ?

அப்படி நினைக்காதீர்கள், எல்லா லேபிலும் இதுதான் நடைமுறை. எஸ்.ஓ.பி. என்பது ஒரு வேலையை இந்த வரிசையில், இந்த அளவில், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதி, அதிகாரப்பூர்வமாக ஒப்புதல் பெற்ற செயல்முறை. அதைப் படித்து, புரிந்தது என்று பயிற்சிப் பதிவேட்டில் நீங்களும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் கையெழுத்துப் போடாமல் கருவியில் உங்கள் கை பட்டால், அன்று வந்த ரிசல்ட்டே கேள்விக்குள்ளாகும். தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பதே "இதைச் செய்தவருக்குப் பயிற்சி கொடுத்த பதிவு எங்கே?" என்றுதான்.

படிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது பக்கம் புரட்டினால் ஒன்றும் மண்டையில் ஏறாது. ஒரு எஸ்.ஓ.பி.யை எடுத்துக்கொண்டு, அந்த வேலையை அன்று செய்யும் அனலிஸ்ட்டிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் நின்று வரி வரியாகப் பாருங்கள். "இந்த இடத்தில் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது, ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பல சமயம் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் முன்பு நடந்த ஏதோ ஒரு பிரச்சினை இருக்கும், அதைக் கதையாகவே சொல்வார்கள். அப்புறம் அது மறக்காது.

எந்தெந்தக் கருவியெல்லாம் கத்துக்கிட்டு போகணும்?

பெரிய கருவிகளை நினைத்துப் பயப்பட வேண்டாம், அதையெல்லாம் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்காதது, வந்தவர்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்வது, தராசு, பிப்பெட், வால்யூமெட்ரிக் குடுவை, பி.எச். மீட்டர் இந்த நான்கும்தான். பாடத்தில் மோலாரிட்டி, நார்மாலிட்டி, நீர்த்தல் கணக்கு, பொருளுடை எண்கள், எண்ணை முழுமையாக்கும் விதி இவற்றைத் தட்டி எழுப்பிக்கொண்டு போங்கள். தினமும் வேண்டியிருக்கும்.

பி.எச். மீட்டர் பற்றி இரண்டு வரி. பி.எச். 4, 7, 10 என்று அளவு மாறாமல் நிற்கும் பஃபர் கரைசல்களில் அளவு சரிபார்த்த பிறகே சாம்பிளில் வைக்க வேண்டும். மின்முனையைக் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் வாலை வடிநீரில் போட்டு வைக்காதீர்கள், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். வெறும் நீரில் கிடந்தால் உள்ளே இருக்கும் அயனிகள் வெளியேறி மின்முனை மந்தமாகிவிடும்.

எடை போடுறதுக்கு எதுக்கு அக்கா தனிப் பயிற்சி? அதுல என்ன இருக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 மில்லிகிராம் ஸ்டாண்டர்டை (தூய்மை தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) எடை போட்டு 100 மில்லி குடுவையில் கரைக்க வேண்டும். எடைக் காகிதத்திலிருந்து தட்டும்போது 1 மில்லிகிராம் மடிப்பில் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள், கண்ணுக்கு அது வெறும் தூசி. ஆனால் உங்கள் ஸ்டாண்டர்ட் 1 சதவீதம் நீர்த்துப்போய்விட்டது, அதோடு ஒப்பிடும் ஒவ்வொரு சாம்பிளும் 1 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொருளுக்கு எல்லை 98 முதல் 102 சதவீதம் என்றால், இரு பக்கமும் இருப்பதே 2 சதவீதம்தான், அதில் பாதியை ஒரு காகித மடிப்பு தின்றுவிட்டது.

அதனால் தராசு முன் உட்கார்ந்ததும் முதலில் மட்டக் குமிழி வட்டத்துக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய சரிபார்ப்பு பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவுகள் மூடியிருக்க வேண்டும், நாலு தசமம் காட்டும் தராசுக்கு நீங்கள் மூச்சு விடுவதுகூடப் புயல். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தைச் சூட்டோடு வைத்தால் எடை குறைவாகக் காட்டும், ஏனென்றால் சூடான காற்று மேலே எழும்பித் தட்டையும் லேசாகத் தூக்குகிறது. டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத கலனில் ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும். எண் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் பொருள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். கொட்டிய பிறகு காகிதத்தை மறுபடி எடை போட்டுக் கழித்துக்கொண்டால் மேலே சொன்ன 1 மில்லிகிராம் பிரச்சினையே வராது. கூடுதலாக எடுத்துவிட்டதைப் பாட்டிலுக்குள் திருப்பிப் போடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

பிப்பெட்டிலும் இதே கதைதான். நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும் பழக்கம் பலருக்குக் கல்லூரியிலிருந்தே வருகிறது. சாதாரண குமிழ் பிப்பெட்டில் அந்தச் சொட்டு உள்ளே தங்கும் என்று கணக்கிட்டுத்தான் கோடே போட்டிருக்கிறார்கள். 10 மில்லி 'ஏ' வகுப்பு பிப்பெட்டுக்கு அனுமதித்த பிழை 0.02 மில்லி, ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. ஊதினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்.பி.எல்.சி. தொட விடுவாங்களா? அதுக்காகத்தான் இந்த கம்பெனியையே எடுத்தேன்.

விடுவார்கள், ஆனால் படிப்படியாக. எச்.பி.எல்.சி. என்பது கரைசலை அழுத்தத்தோடு ஒரு குழாய் வழியே ஓட்டி, அதில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி. முதலில் மொபைல் ஃபேஸ், அதாவது சாம்பிளைச் சுமந்துகொண்டு குழாய் வழியே ஓடும் கரைசல், தயாரிக்கச் சொல்வார்கள். இது எடுபிடி வேலை என்று பலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் எச்.பி.எல்.சி.யில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. பஃபரின் பி.எச். கொஞ்சம் நகர்ந்தாலே சில பொருள்களின் பீக், அதாவது வரைபடத்தில் அவற்றைக் காட்டும் முகடு, இடம் மாறிவிடும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டாவிட்டால் நுண்துகள்கள் பிரிப்புக் குழாயின் வாயில் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறும். கரைந்திருக்கும் காற்றை நீக்காவிட்டால் பம்புக்குள் குமிழி மாட்டி வரைபடத்தின் அடிக்கோடு ஆடும்.

அடுத்தது சிஸ்டம் சூட்டபிலிட்டி. சாம்பிளைத் தொடுவதற்கு முன் ஒரே ஸ்டாண்டர்ட் கரைசலை ஐந்து அல்லது ஆறு முறை செலுத்தி, பீக்கின் பரப்பளவு எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலான முறைகளில் அந்தச் சிதறலின் அளவான சார்பு திட்ட விலக்கம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி தன்னையே திரும்பச் சொல்லத் தெரியாத நாளில் சாம்பிளைப் பற்றி அது சொல்வதை எப்படி நம்புவது? அதனால் இது தேறாமல் சாம்பிளுக்குப் போகவே கூடாது.

வேலை முடிந்ததும் குழாயைக் கழுவுவது பற்றி ஒரு எச்சரிக்கை. பஃபர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் நேராக அசிட்டோநைட்ரைலை முழுசாக விட்டால் உப்பு உள்ளேயே படிகமாகிவிடும். முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவையை ஓடவிட்டு உப்பை வெளியேற்றி, பிறகுதான் கரிமக் கரைப்பானைக் கூட்ட வேண்டும். இதைக் கேட்காமலே சரியாகச் செய்யும் பயிற்சியாளரை அனலிஸ்ட்டுகள் சீக்கிரம் நம்ப ஆரம்பித்துவிடுவார்கள், கருவியும் சீக்கிரம் கைக்கு வரும்.

கண்ணாடி, கையுறை, கோட்டு எல்லாம் நாள் முழுக்கப் போட்டுக்கிட்டே இருக்கணுமா?

லேபுக்குள் இருக்கும்வரை கண்ணாடியும் கோட்டும் ஆமாம். நீங்கள் வெறும் நோட்டு எழுதிக்கொண்டிருந்தாலும் பக்கத்து மேசையில் ஒருவர் அமிலம் ஊற்றிக்கொண்டிருப்பார். கையுறை அப்படி இல்லை, அது எங்கே போடுகிறோம் என்பதைவிட எங்கே கழற்றுகிறோம் என்பது முக்கியம். ரசாயனம் பட்ட கையுறையோடு கதவுப் பிடி, கணினி விசைப்பலகை, கைபேசி என்று தொட்டுக்கொண்டே போனால் உங்களைத் தவிர எல்லோருக்கும் ஆபத்து. அப்புறம் அதே கைபேசியைக் காதில் வைக்கும்போது உங்களுக்கும்.

எந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் 16 பிரிவுகள், ஒரே வரிசை. முழுவதும் படிக்க நேரம் இல்லை என்றால் 2-ஆம் பிரிவில் என்ன ஆபத்து, 4-இல் முதலுதவி, 8-இல் என்ன அணிய வேண்டும், இந்த மூன்றையாவது பாருங்கள். கண்ணில் தெறித்தால் யோசிக்காமல் கண் கழுவும் குழாய்க்குப் போய், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள், கண் எரியும்போது தேட முடியாது. அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தைத்தான் மெல்லச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பள்ளியில் படித்ததுதான், ஆனால் அவசரத்தில் மறப்பது இதுதான்.

எழுதுறதுக்கே பாதி நாள் போகுது. சோதனை செய்யுறதா, கணக்குப்பிள்ளை வேலை பாக்குறதா?

இரண்டும் ஒரே வேலை. எழுதாத சோதனை நடக்காத சோதனை என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பதிவும் யார் செய்தது என்று தெரிய வேண்டும், வாசிக்கும்படி இருக்க வேண்டும், செய்யும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும், முதலில் எழுதிய மூலமாகவே இருக்க வேண்டும், துல்லியமாக இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஆங்கில முதலெழுத்துகளில் சேர்த்து 'அல்கோவா' என்பார்கள், நேர்காணலில்கூடக் கேட்பார்கள்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற பெரிய ஆய்வு நிறுவனம் மருந்துகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் விலங்குகளை வைத்து நச்சுத்தன்மைச் சோதனை செய்து கொடுத்துவந்தது. அரசு ஆய்வாளர்கள் மூலப் பதிவுகளைக் கேட்டபோதுதான் அறிக்கையில் இருந்த பல தரவுகள் இட்டுக்கட்டியவை என்று தெரியவந்தது, 1983-ல் அதன் அதிகாரிகள் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இதற்கிடையில் 1978-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நல்ல ஆய்வக நடைமுறை விதிகளை வெளியிட்டது, 1981-ல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பும் தன் கோட்பாடுகளைக் கொண்டுவந்தது. நீங்கள் இன்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடும் கையெழுத்துக்கு மூதாதை அதுதான்.

தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடலாமா? இல்ல, பக்கத்தையே கிழிச்சுட்டு புதுசா எழுதலாமா?

இரண்டும் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியானது, உங்கள் சுருக்கொப்பம், தேதி, காரணம். அவ்வளவுதான். அடித்தல் இருக்கும் பக்கத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஒரு அடித்தல்கூட இல்லாமல் பளிச்சென்று இருக்கும் நோட்டுதான் தணிக்கையாளருக்குச் சந்தேகம் தரும்.

கையுறையோட எழுத முடியலை. ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வெச்சுக்கிட்டு சாயந்தரம் நோட்டுல ஏத்திக்கலாமா?

கூடாது. முன் சொன்ன ஐந்தில் 'செய்யும்போதே', 'மூலம்' இரண்டும் இதில் அடிபடுகின்றன. சட்டரீதியாகப் பார்த்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் மூலப் பதிவு, நோட்டில் இருப்பது நகல். சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டால் மூலத்தை அழித்ததாக ஆகிவிடும். உள்ளங்கையில் எழுதிக்கொள்வதும் இதே கணக்குதான், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வழி இருக்கிறது. ஒரு கையில் மட்டும் கையுறை வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுவது, தராசில் அச்சுச் சீட்டு எடுத்து ஒட்டுவது, இருவர் சேர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் எழுதிவிட்டு இருவரும் ஒப்பமிடுவது. உங்கள் லேபில் எது அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டா தொந்தரவுன்னு நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு.

எப்போது கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். டைட்ரேஷனில் கரைசலின் நிறம் மாறப்போகும் நொடியில் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். கருவி தானாக ஓடிக்கொண்டிருக்கும் நேரம், கண்ணாடிக் கருவிகளைக் கழுவும் நேரம், இவை நல்ல வேளைகள். "இது எப்படி?" என்று வெறுமனே கேட்பதைவிட "எஸ்.ஓ.பி.யில் இப்படி இருக்கிறது, நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று கேட்டால் பத்து நொடியில் பதில் கிடைக்கும். கேட்காமல் ஊகித்துச் செய்தால்தான் உண்மையில் தொந்தரவு.

தினமும் ஒரே சோதனை. ஈரப்பதம், ஈரப்பதம், ஈரப்பதம். இதுல என்ன கத்துக்கப்போறேன்?

இந்தச் சலிப்பு உண்மையானது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குத்தான் ஒன்று சரியில்லை என்பது எண் வருவதற்கு முன்பே தெரியும். கார்ல் ஃபிஷர் முறையில் ஈரப்பதம் பார்க்கிறீர்கள் என்றால், 1935-ல் வந்த அந்த முறையின் எதிரியே காற்றில் இருக்கும் ஈரம்தான். மழை நாளில் ஆரம்பப் பின்னணி அளவு ஏறுகிறதா, கலனின் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறதா, சாம்பிள் போட மூடியைத் திறந்து வைத்திருக்கும் நேரம் ரிசல்ட்டைப் பாதிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே சாம்பிளில் நீங்கள் செய்யும் இரட்டைச் சோதனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தேதிவாரியாக வரைந்து பாருங்கள். உங்கள் கை பழகப் பழக அது சுருங்குவது கண்ணில் தெரியும், ரிப்போர்ட்டுக்கும் அருமையான பொருள்.

அப்படிச் செய்தும் மாதக்கணக்கில் ஒரே மேசை என்றால், சூப்பர்வைசரிடம் நேராகக் கேளுங்கள். பயிற்சித் திட்டத்தில் வேறு பிரிவுகள் எழுதியிருந்தால் அதைக் காட்டியே கேட்கலாம். அதிலும் நகராவிட்டால் கல்லூரி வழிகாட்டி பேச வேண்டும், அவர் இருப்பதே அதற்குத்தான்.

உதவித்தொகை குடுப்பாங்களா?

சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. வேலை நேரம், போக்குவரத்து, காப்பீடு, விடுப்பு, இவற்றோடு சேர்த்து சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

குடுவையை உடைச்சுட்டேன், சாம்பிளும் போச்சு. யாரும் பாக்கலை. சொல்லணுமா?

சொல்ல வேண்டும், உடனே. உடைந்த குடுவை ஒரு நாள் பேச்சு. ஆனால் கிடங்குக் கணக்கில் இத்தனை கிராம் சாம்பிள் எடுத்ததாக இருக்கும், சோதனையில் இத்தனை கிராம் போனதாக இருக்கும், இடையில் ஒரு பள்ளம் தெரியும். அது சில வாரம் கழித்து வெளியே வரும்போது கேள்வி குடுவையைப் பற்றியதாக இருக்காது, உங்கள் மற்ற பதிவுகள் எல்லாவற்றையும் பற்றியதாக இருக்கும். உடைந்தது, எத்தனை மணிக்கு, என்ன செய்தோம் என்று நோட்டிலும் எழுதிவிடுங்கள். கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்காதீர்கள்.

ரிசல்ட் லிமிட்டுக்கு வெளியே வந்துடுச்சு. அமைதியா இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டு, சரியா வந்தா அதை எழுதிக்கலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, மிக ஆபத்தான கேள்வியும் இதுதான். பதில்: கூடாது. எல்லைக்கு வெளியே ஒரு எண் வந்தால் கையை அப்படியே நிறுத்துங்கள். கரைசல்கள், குடுவைகள், பிப்பெட், எதையும் கொட்டவோ கழுவவோ வேண்டாம். சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். நீர்த்தல் சரியா, குடுவையின் கொள்ளளவு சரியா, கணக்கில் பிழையா, கருவி அன்று சரியாக இருந்ததா என்று ஆராய அந்தக் கரைசல்கள்தான் சாட்சி. லேபில் தவறு நடந்தது என்று ஆதாரத்தோடு தெரிந்தால் முதல் எண்ணைச் செல்லாது என்று எழுதி, மறுபடி செய்வார்கள். தவறு தெரியவில்லை என்றால் அந்த எண் நிற்கும், ஆராய்ச்சி உற்பத்திப் பிரிவுக்குப் போகும்.

1993-ல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்துக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில் நீதிமன்றம் எடுத்துக்கொண்டதே இதைத்தான்: தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, தேறியதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று. கூடாது என்று தீர்ப்பானது, இன்று உலகம் முழுக்க மருந்து லேபுகள் பின்பற்றும் நடைமுறைக்கு அது ஒரு அடித்தளம். சராசரி எடுப்பதிலும் இதே பொறி இருக்கிறது. எல்லை 90 முதல் 110 என்று வையுங்கள், ஒரு எண் 89, இன்னொன்று 92. சராசரி 90.5, தேறியது போலத் தெரியும். ஆனால் 89 காணாமல் போகவில்லை, சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் எல்லைக்குள் வந்தால் நல்ல அனலிஸ்ட், வெளியே வந்தால் கெட்ட அனலிஸ்ட் என்று பல மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கெட்ட பேட்சைக் கெட்டது என்று சொன்ன எண் லேபின் தோல்வி இல்லை. லேப் இருப்பதே அதற்காக.

எஸ்.ஓ.பி.யில ஒண்ணு இருக்கு, சீனியர் வேற மாதிரி செய்யச் சொல்றார். யாரைக் கேட்கறது?

எல்லாச் சமயமும் சீனியர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நேரம் நீங்கள் படித்தது பழைய பதிப்பாக இருக்கும், எஸ்.ஓ.பி.யின் பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள். சில நேரம் எஸ்.ஓ.பி. "குலுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கும், எப்படிக் குலுக்குவது என்பது கைப்பழக்கம். அதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அளவு, நேரம், வெப்பநிலை, வரிசை இவற்றில் எழுதியிருப்பதை மீறச் சொன்னால் அது வேறு. சண்டை போட வேண்டாம். "சார், எஸ்.ஓ.பி.யில் 30 நிமிடம் என்று இருக்கிறது, 10 நிமிடம் என்றால் நோட்டில் எப்படி எழுத வேண்டும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் விஷயம் சரியாகிவிடும், ஏனென்றால் 10 என்று எழுதச் சொல்லவும் முடியாது, 30 என்று எழுதச் சொல்லவும் நா எழாது. குறுக்கு வழி உண்மையிலேயே நல்லதாக இருந்தால் எஸ்.ஓ.பி.யைத் திருத்த ஒரு முறையான வழி இருக்கிறது, அதில் போகட்டும்.

நேத்து லாக்புக்ல எழுத விட்டுப்போச்சாம். நேத்துத் தேதி போட்டு நீ கையெழுத்துப் போடுன்னு சொல்றாங்க. பயிற்சிக்கு வந்த நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?

முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதை மறுப்பாகச் சொல்லாமல் மாற்று வழியாகச் சொல்லலாம்: "நேற்று நான் செய்ததுதான், இன்றைய தேதி போட்டு, தாமதப் பதிவு என்று காரணம் எழுதி ஒப்பமிடுகிறேன்." தாமதம் என்று வெளிப்படையாக எழுதியது ஒரு குறை, விளக்கம் கொடுத்து முடித்துவிடலாம். முன்தேதி போட்டது பொய்ப் பதிவு, அதற்கு விளக்கமே கிடையாது. நீங்கள் செய்யாத வேலைக்கு என்றால் எந்தத் தேதியிலும் ஒப்பமிடக் கூடாது. அடுத்தவரின் கடவுச்சொல்லில் கணினியில் நுழைவதும் இதே வகைதான், எவ்வளவு அவசரமானாலும்.

அழுத்தம் தொடர்ந்தால் நடந்ததைத் தேதியோடு உங்கள் சொந்தக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு கல்லூரி வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தர உறுதிப் பிரிவு லேபுக்குள் அடங்காமல் தனியாக இயங்குவது இதுபோன்றவற்றுக்காகவே, அங்கேயும் பேசலாம். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. கல்லூரியில் இதைக் கேட்டு உங்களுக்கு மதிப்பெண் குறைக்கும் வழிகாட்டியை நான் இதுவரை கண்டதில்லை.

ரிப்போர்ட்ல என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது? ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க.

பொருளின் பெயர், பேட்ச் எண், வாடிக்கையாளர் பெயர், உள்ளே மட்டும் புழங்கும் முறைகள், எஸ்.ஓ.பி.யின் பக்கங்கள், லேபின் படங்கள், இவை வேண்டாம். கருவியின் தத்துவம், பார்மகோப்பியா என்ற அதிகாரப்பூர்வ மருந்துத் தரநூலில் எல்லோரும் படிக்கும்படி இருக்கும் முறைகள், நீங்கள் கற்றுக்கொண்ட நுணுக்கங்கள், இவை தாராளமாக. எண்கள் தேவை என்றால் 'பொருள் அ', 'பொருள் ஆ' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன் அவர் படித்துப் பார்க்க நேரம் விட வேண்டும், கடைசி நாள் காலையில் நீட்டாதீர்கள்.

கருவியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி, பத்துப் பக்கம் கம்பெனி வரலாறு எழுதி நிரப்பும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். மேலே எடை பற்றிய கேள்வியில் இருப்பது போல ஒரு சின்ன விஷயத்தை எடுத்து, ஏன் அப்படிச் செய்கிறார்கள், செய்யாவிட்டால் எண் எவ்வளவு மாறும் என்று கணக்கோடு எழுதினால் வைவாவில் பேசுவதற்கும் உங்களிடம் விஷயம் இருக்கும்.

பாதியிலேயே புரிஞ்சுபோச்சு, லேப் வேலை எனக்கு ஒத்துவராது. இத்தனை மாசமும் வீணா?

இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத் தெரிவதைவிட இப்போது தெரிந்தது நல்லது. எது ஒத்துவரவில்லை என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். நின்றுகொண்டே வேலை செய்வதா, ஷிஃப்டா, திரும்பத் திரும்பச் செய்வதா, அந்தக் குறிப்பிட்ட ஆட்களா? பதிவுகளைச் சரிபார்ப்பது பிடித்திருந்தால் தர உறுதி, அனுமதி ஆவணங்கள் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. முறைகளை உருவாக்கப் பிடித்தால் ஆராய்ச்சிப் பக்கம் போகலாம். கருவியைப் பிரித்துப் பார்க்கத்தான் பிடிக்கிறது என்றால் கருவி நிறுவனங்களின் சர்வீஸ் வேலை இருக்கிறது.

பயிற்சி முடிஞ்சு வந்தாச்சு. இப்போ கூப்பிட்டு, பழைய நோட்டுல ரெண்டு பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு, வந்து போட்டுட்டுப் போன்னு சொல்றாங்க. போகலாமா?

போகலாம், நீங்கள் செய்த வேலையாக இருந்தால். பக்கத்தை முழுக்கப் படியுங்கள், உங்கள் கையெழுத்தில் இருப்பது எது, பிறகு யாராவது சேர்த்தது எது என்று பாருங்கள். மேலே லாக்புக் கேள்வியில் சொன்னபடியே இன்றைய தேதி, தாமதத்துக்கான காரணம். நீங்கள் வெளியேறிய பிறகு போடுகிறீர்கள் என்பதால் தர உறுதிப் பிரிவுக்குத் தெரிந்து நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அலைச்சல் வேண்டாம் என்றால், கடைசி வாரத்திலேயே உங்கள் பெயர் உள்ள நோட்டு, லாக்புக், கரைசல் பதிவேடு எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டி, சரிபார்ப்பவர் கையெழுத்து வரை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் தயாரித்த கரைசல்களில் காலாவதியானவற்றை முறைப்படி அகற்றுங்கள், மிச்சத்தை யார் பொறுப்பில் விடுகிறீர்கள் என்று எழுதுங்கள். பயிற்சிப் பதிவேட்டின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள், அடுத்த நேர்காணலில் சான்றிதழைவிட அதுதான் அதிகம் பேசும்.